முனகல் எங்கிருந்து வருகிறது

முட்டைக்கோசுக்கு உப்புப் போடும் வாரம் வந்துவிட்டால் நீஷ் நகரத்து அடுக்குமாடி வீடுகளில் ஒரு குளியல் தொட்டியும் காலியாக இருக்காது. தெசாங்காவின் வீட்டிலும் அன்று தொட்டி நிறைய முட்டைக்கோஸ் மிதந்தது. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்தாள். வெளி இலையை உரித்தாள். அடித்தண்டைக் கத்தியால் குடைந்து, அந்தக் குழியில் கல்லுப்பை அடைத்து, குழி மேலே பார்க்கும்படி நீலப் பீப்பாய்க்குள் அழுத்தி அழுத்தி அடுக்கினாள். இடைவெளி விட்டால் மேல்வரிசை மிதந்து அழுகிப்போகும். குளிர்காலம் முழுக்க வீடு சாப்பிடப்போவது இந்தப் பீப்பாயிலிருந்துதான்.

குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போனது. எழுந்திருக்கக் குழாயைப் பிடித்தாள். விரல் நுனியில் எறும்பு கடித்த மாதிரி சுருக்கென்றது. கத்தி கீறின இடத்தில் உப்புப் பட்டிருக்கும் என்று கையை உதறிவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

முன்னறையிலிருந்து அந்தச் சத்தம் வந்துகொண்டே இருந்தது.

ம்ம்ம்ம்ம்.

பல்வலிக்காரன் போர்வைக்குள் கிடந்து முனகுவது மாதிரி ஒரு சத்தம். ஏற்றமும் கிடையாது, இறக்கமும் கிடையாது. கோடை முடிந்ததிலிருந்து இப்படித்தான். அவள் கணவன் போஷிதார் ஸ்பீக்கர் பெட்டிகளுக்குப் பின்னால் தலையை விட்டபடி மண்டியிட்டுக் கிடந்தார். கொஞ்ச நாளாக மனிதரின் முதுகைத்தான் அவள் அதிகம் பார்த்திருந்தாள்.

"போஷா! சாப்பிட்டுட்டுத் தேடக் கூடாதா? அது எங்கயும் ஓடிடாது!"

பதில் வராது என்று தெரிந்தேதான் கத்தினாள். போன குளிர்காலத்தில் ஆஸ்பத்திரியில் அவர் தொண்டையை அறுத்துக் குரல்பெட்டியை எடுத்துவிட்டார்கள். இப்போது கழுத்தில் ஒரு துளை இருக்கிறது, மூச்சு அதன் வழியாகத்தான் போய்வருகிறது. அதன்மேல் எப்போதும் ஒரு சின்னத் துணி கட்டியிருப்பார். பேச வேண்டுமானால் உதட்டை அசைப்பார், அவள் படித்துக்கொள்வாள். ஒரு காலத்தில் அவர் பால்கனியில் நின்று கூப்பிட்டால் கீழே கார் நிறுத்துகிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். பீப்பாய்க்குள்ளிருந்து வருகிற மாதிரி அப்படியொரு அடிக்குரல்.

ஆஸ்பத்திரியில் ஒரு கருவி கொடுத்தார்கள். சின்ன டார்ச் லைட் அளவு. கழுத்தில் வைத்து அமுக்கிக்கொண்டு வாயை அசைத்தால் பேச்சு வரும். ஆனால் அந்தப் பேச்சு, டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட வண்டு மாதிரி இரையும். போஷிதார் ஒரே ஒரு தடவை வைத்துப் பார்த்தார். தன் காதால் கேட்டார். முகம் சுருங்கிப்போய் மேசை இழுப்பறையில் போட்டு மூடினார்.

ஊரில் இருந்த ரேடியோ தொழிற்சாலையில், அது மூடப்படும் வரைக்கும், முடிந்து வருகிற ஒவ்வொரு பெட்டியையும் காதை வைத்துக் கேட்டுத் தேர்ந்தெடுத்து அனுப்பியவர் அவர். அன்று உதட்டை அசைத்து அவளிடம் சொன்னது இதுதான்: "ஆயுசு முழுக்க முனகல ஒழிச்சவன் நான். இப்ப அதையே கழுத்துல வச்சுப் பேசணுமா?"

தெசாங்கா அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

அன்று மத்தியானம் போஷிதாரின் தம்பி டிஹோமிர் வந்தான். கையில் அவன் வீட்டு பிளம் சாராயம். காலணியைக் கழற்றி, விருந்தாளிக்கென்று வைத்திருக்கும் செருப்பில் காலை நுழைத்து, சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தான். தெசாங்கா உப்புக் கையைத் துடைத்துக்கொண்டு காபி வைத்தாள். அண்ணன்காரர் வாசற்படியில் சாய்ந்து நின்றார்.

"அண்ணி, மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க. டிமித்ரி நாளு வருது. இந்த வருஷம் எங்க வீட்ல வச்சுக்கலாம்னு லூபிங்கா சொல்றா."

"உன் பொண்டாட்டி சொல்றாளா, நீ சொல்றியா?"

"யார் சொன்னா என்ன? நாலு பேர் வர்ற நாளு. மெழுகுவர்த்தி ஏத்தினா மட்டும் போதுமா? வாழ்த்துச் சொல்ல ஒரு தொண்டை வேணும்ல?"

புனித டிமித்ரி அந்தக் குடும்பத்துக் காவல் புனிதர். அவருடைய நாளை அப்பா கொண்டாடினார், அவருக்குப் பிறகு மூத்த மகன் போஷிதார். படமும் மெழுகுவர்த்தியும் இருக்கிற வீட்டுக்குத்தான் சொந்தபந்தம் வரும். அந்த நாளில் வீட்டுக்காரன் உட்காரக் கூடாது. காலையிலிருந்து நின்று பரிமாறி, சாப்பாட்டுக்கு நடுவில் கோப்பையைத் தூக்கி வாழ்த்துச் சொல்ல வேண்டும். அப்போது மேசையே எழுந்து நிற்கும். படம் வீட்டைவிட்டுப் போனால் அதற்குப் பிறகு அந்த வீட்டுக்காரன் எங்கே போனாலும் விருந்தாளிதான்.

"உங்கண்ணனுக்குத் தொண்டையத்தான் அறுத்தாங்க. தலைய இல்ல," என்றாள் தெசாங்கா.

"அவர வச்சுக்கிட்டே இப்படிப் பேசறீங்களே!"

"அவர வச்சுக்கிட்டு நீதானே ஆரம்பிச்ச? வாழ்த்துதானே வேணும்? டேப்புல இருக்கு. முன்ன ஒரு விருந்துல நீயே மைக்கப் பிடிச்சுப் பதிஞ்சியே, அந்த டேப். அவர் குரல்லயே போடுவோம்."

டிஹோமிர் முன்னறைப் பக்கம் காதைத் திருப்பினான். ம்ம்ம்ம்ம்.

"இதுலயா? தேனடைக்குள்ள தலைய விட்ட மாதிரி இருக்கு. அண்ணன் குரலும் இதும் ஒரே கட்டை. எது அவரு, எது மின்சாரம்னு எப்படித் தெரியும்?"

அதுதான் உண்மை. முனகல் சரியாக அவர் குரல் இருந்த இடத்திலேயே குந்திக்கொண்டிருந்தது. வயலின் போட்டால் தப்பித்துக்கொள்ளும். அவர் குரலைப் போட்டால் முழுங்கிவிடும்.

"டிமித்ரி நாளுக்குள்ள எடுத்துருவாரு."

"எடுத்தா சந்தோஷம். எடுக்கலன்னா மேசையில வாழ்த்து இருக்காது அண்ணி. வாழ்த்து இல்லன்னா அடுத்த வருஷம் படத்த நான் எடுத்துட்டுப் போறேன். சொந்தக்காரங்களே அதத்தான் சொல்வாங்க."

"வாசல்ல நான் நிப்பேன். என்னையும் சேத்துத் தூக்கிட்டுப் போ. நான் என்ன எடைன்னு உனக்கே தெரியும்."

போஷிதாரின் தோள் குலுங்கியது. சத்தம் இல்லாவிட்டாலும் அது சிரிப்புதான்.

அவன் போன பிறகு தேடல் மும்முரமானது. போஷிதார் தன் கையால் கட்டிய ஆம்ப்ளிஃபையரிலிருந்து எல்லா ஒயரையும் உருவினார். சத்தம் நின்றது. டேப் ரெக்கார்டரை மட்டும் சொருகினார். ம்ம்ம்ம். ஒயரை மாற்றினார். ம்ம்ம்ம். ரெக்கார்டரின் மேல்மூடியைத் திறந்து சுத்தம் செய்து, ஆறிப்போன ஈயப் பற்றுகளைத் திரும்பச் சூடுவைத்துப் பிடித்தார். ஈயத்தோடு உருகின பைன் பிசின் வாசனை முட்டைக்கோஸ் வாசனையோடு கலந்து வீட்டைச் சுற்றியது. அவர் விரலைக் காட்டக் காட்ட தெசாங்கா ஃப்ரிட்ஜை அணைத்தாள், குழல்விளக்கை அணைத்தாள், டிவியின் கேபிளைக்கூடப் பிடுங்கினாள். ம்ம்ம்ம்.

மிச்சம் இருந்தது எர்த் கம்பி. அந்தக் கட்டிடத்தின் பிளக்குகளில் எர்த் கிடையாது. கட்டினவர்கள் வைக்கவில்லை. குடிவந்தவர்கள் ஆளுக்கொரு கம்பியை எடுத்து, அறையைச் சூடாக்கும் இரும்புக் குழாயிலோ தண்ணீர்க் குழாயிலோ சுற்றிவிட்டார்கள். தப்பு என்று எல்லோருக்கும் தெரியும். போஷிதாருக்கும் தெரியும். இருந்தும் அவருடைய கம்பியும் சன்னலடிக் குழாயில்தான் சுற்றியிருந்தது. அதை அவிழ்த்துப் பார்த்தார். முனகல் போய் ஒரு கர்ண கடூரமான இரைச்சல் வந்தது. திரும்பச் சுற்றினார். பழைய முனகலே தேவலை என்றிருந்தது.

அப்புறம் ஒரு சாயங்காலம், தெசாங்கா மேசையில் வால்நட் உடைத்துக்கொண்டிருந்தபோது, சத்தம் நின்றது.

சுத்தியலைத் தூக்கின கை அப்படியே நிற்க, அவள் அவரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்தார். "என்ன பண்ணின?" என்றது அவர் உதடு.

"நான் எங்க பண்ணேன்? கொட்டை உடைச்சேன்."

மாடியில் தண்ணீர் விழும் சத்தம் சுவர்க்குழாய்க்குள் சலசலத்தது. யாரோ தொட்டியில் இறங்கினார்கள். ஒரு பாட்டின் இரண்டு வரி கேட்டது. மாடி வீட்டுக்காரி க்ரோஸ்தானா குளிக்கிறாள். பிறகு தண்ணீர் வடிந்தது, கதவு திறந்தது, ஒரு சுவிட்ச் டொக்கென்றது. ம்ம்ம்ம்ம்.

தெசாங்கா சுத்தியலை மெதுவாக வைத்தாள்.

"பாய்லர்," என்றாள். "போஷா, அவ பாய்லரு! குளிக்கப் போகும்போது அணைப்பா. குளிச்சதும் போடுவா."

அந்த ஊரில் பாய்லரை அணைக்காமல் தொட்டிக்குள் இறங்குகிறவர் கிடையாது. நடக்கப் பழகும் பிள்ளைக்கே அதைச் சொல்லித்தான் வளர்ப்பார்கள். மறந்தால், ஈரத்தோடு வெளியே வந்து அணைத்துவிட்டுத்தான் மறுபடி இறங்குவார்கள். மாடியில் இருந்த பாய்லர், கோடை முடிவில் க்ரோஸ்தானாவின் மருமகன் எங்கிருந்தோ பழசாக வாங்கிவந்து மாட்டியது. அவனும் எர்த் கம்பியைக் குழாயில்தான் சுற்றியிருப்பான். தண்ணீர்க் குழாயும் சூட்டுக் குழாயும் சுவருக்குள் ஒன்றையொன்று தொட்டபடி எல்லா வீட்டுக்குள்ளும் ஓடுகின்றன. ஒரு வீட்டு வியாதி அதே வழியில் இறங்கி வந்து அவள் புருஷனின் குரல்மேல் உட்கார்ந்திருக்கிறது.

க்ரோஸ்தானாவுக்கும் இவளுக்கும் பேச்சுவார்த்தை நின்று வெகுநாள். மாடிக்காரி கம்பளத்தை உதறுவாள், தூசு இவள் பால்கனிப் பீப்பாயில் விழும். அதில் தொடங்கி எங்கெங்கோ போய்விட்ட சண்டை. இருந்தாலும் தெசாங்கா மாடி ஏறினாள்.

கதவைத் திறந்த க்ரோஸ்தானாவின் தலையில் துண்டு. ஆளைப் பார்த்ததும் புருவம் ஏறியது.

"அட! உப்புக் கடனா, சமாதானமா?"

"ரெண்டும் இல்ல. உன் பாய்லர்."

"அதுக்கு என்ன? நல்லா கொதிக்குது. உனக்கும் ஒரு வாளி வேணுமா?"

"நீ அத அணைச்சா எங்க வீட்டு ஸ்பீக்கர் அடங்குது. போட்டா முனகுது."

க்ரோஸ்தானா கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "சரிதான்! இனிமே நான் தும்மினா உன் வீட்டுப் பால் திரிஞ்சிடும்னு சொல்லு. உன் வீட்டுக்காரரு ஒட்டுப்போட்ட பெட்டி முனகினா அதுக்கு நானா பொறுப்பு?"

"டிமித்ரி நாளு மத்தியானம், சாப்பாட்டு வேளைக்கு மட்டும் அணைச்சு வை. அவ்வளவுதான்."

"மாட்டேன். அன்னிக்குப் பேத்தி வர்றா, குளிப்பாட்டணும். என் மருமகன் கையால மாட்டினது. அதுல குத்தம்னு எவளும் சொல்ல வேணாம்."

"நான் கெஞ்ச வரல க்ரோஸ்தானா. சொல்லிட்டுப் போக வந்தேன். அந்த மனுசனோட குரலு உன் பாய்லருக்கு அடியில கிடக்குது. அத நான் எடுத்தே தீருவேன்."

"எடு எடு. ஏணி வேணும்னா கேளு."

கீழே வந்தபோது போஷிதார் எங்கோ தேடி எடுத்த டெஸ்டர் ஸ்க்ரூடிரைவரைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் குளியலறைக்குள் நுழைவதற்குள் மாடியில் இன்னொரு குளியல் ஆரம்பித்துவிட்டது. பாய்லர் அணைந்திருந்ததால், குழாயில் வைத்த டெஸ்டரின் சின்ன விளக்கு எரியவில்லை. அவர் உதட்டைப் பிதுக்கி அதைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். அடுத்த நாளிலிருந்து அவளுக்கு நிற்க நேரமில்லை. கோதுமை வேகவைத்து வால்நட்டும் சர்க்கரையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும், முட்டைக்கோஸ் இலையில் இறைச்சியைச் சுற்ற வேண்டும், ரொட்டிமேல் மாவினால் திராட்சைக் கொத்தும் பறவையும் செய்து ஒட்ட வேண்டும்.

டிமித்ரி நாளன்று பனிமூட்டம் சன்னலை ஒட்டி நின்றது. பாதிரியார் காலையிலேயே வந்து ரொட்டியில் ஒயின் ஊற்றி, போஷிதாரோடு சேர்ந்து சுழற்றி வெட்டிவிட்டுப் போனார். மெழுகுவர்த்தி எரிந்தது. அந்த நாளுக்கு யாரையும் அழைக்கிற வழக்கம் இல்லை. கதவு பூட்டாமல் இருக்கும், வருகிறவர் வரலாம், வந்தவரைத் திருப்பி அனுப்பக் கூடாது. டிஹோமிரும் லூபிங்காவும் வந்தார்கள். சொந்தக்காரர்கள் வந்தார்கள். டிஹோமிர் போய் மெழுகுவர்த்திக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். செத்துப்போன அம்மா எப்போதும் உட்காரும் நாற்காலி அது. கடைசியாக, ஒரு பொட்டலம் காபியும் ஒரு சாடி பழப்பாகுமாக, புதுப் பாவாடை சரசரக்க க்ரோஸ்தானா வந்து நின்றாள்.

"புனிதர் நாள் வாழ்த்துக்கள்," என்று போஷிதாரை முத்தமிட்டாள். தெசாங்காவைப் பார்த்து, "உனக்காக வரல. டிமித்ரிக்காக வந்தேன்," என்றாள்.

"அவருக்குத்தான் பன்றி வறுத்திருக்கேன். உக்காரு."

போஷிதார் உட்காரவே இல்லை. சூப் ஊற்றினார், கண்ணாடிக் கோப்பைகளை நிரப்பினார், எலும்பை வாங்கிக்கொண்டு போனார். வறுத்த இறைச்சி வந்ததும் மேசையில் பேச்சு மெல்ல அடங்கியது. எல்லோரும் அவரைப் பார்ப்பதும் தட்டைப் பார்ப்பதுமாக இருந்தார்கள். வாழ்த்துக்கு நேரம் ஆகிவிட்டது.

அவர் போய் ரெக்கார்டரின் பொத்தானைத் தட்டினார். சக்கரங்கள் சுற்றின.

ம்ம்ம்ம்ம். அதற்கு அடியில், ஆற்றுக்குள் யாரோ கூப்பிடுவது மாதிரி, ஏதோ இருந்தது.

லூபிங்கா துடைக்கும் துணியால் வாயை மூடிக்கொண்டாள். டிஹோமிர் கோப்பையைக் கையில் எடுத்தான். "பரவால்ல அண்ணே, விடுங்க. நானே ரெண்டு வார்த்தை…"

"வை கீழ," என்றாள் தெசாங்கா.

"அண்ணி…"

"கோப்பைய வைன்னேன். போஷா, அதை நிறுத்து. உன் டெஸ்டர எடு. க்ரோஸ்தானா, எழுந்து வா."

"சாப்பிடற ஆள எழுப்பறியே, இது என்ன…"

"வான்னா வா!"

குரலில் இருந்த ஏதோ ஒன்று அவளை எழுப்பிவிட்டது. சொந்தபந்தமெல்லாம் குளியலறை வாசலில் எட்டிப் பார்த்தது. போஷிதார் டெஸ்டரின் நுனியைக் குழாயில் வைத்து, பின்முனையைக் கட்டைவிரலால் தொட்டார். பிடிக்குள் இருந்த சின்ன விளக்கு ஆரஞ்சு நிறத்தில் எரிந்தது.

வாசலில் நின்றவர்கள் ஓரடி பின்வாங்கினார்கள்.

"இது தண்ணிக் குழாய்," என்றாள் தெசாங்கா. "என் வீட்டுக் குழாய். இதப் பிடிச்சுக்கிட்டுத்தான் நான் முட்டைக்கோஸ் கழுவினேன். உப்புக் கடிக்குதுன்னு நினைச்சேன். உன் பாய்லருக்குள்ள கம்பி வெந்துபோயி கரண்டு ஒழுகுது க்ரோஸ்தானா. இங்க வர்றது மிச்சம் மீதி. உன் தொட்டியில என்ன இருக்கும்னு நீயே யோசி. அணைச்சுட்டுக் குளிக்கிறியே, அதனாலதான் உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருக்க."

க்ரோஸ்தானாவின் முகம் கோதுமை மாவு மாதிரி ஆனது. "பேத்தி," என்றாள். "ஐயோ, மேல அவ தனியா பொம்மைப் படம் பாத்துக்கிட்டு இருக்கா. கை கழுவறேன்னு போவாளே…"

புதுப் பாவாடையை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு ஓடினாள். படிக்கட்டில் அவள் காலடி தடதடவென்று ஏறியது. கதவு அறைந்தது. போஷிதாரின் டெஸ்டர் விளக்கு பொசுக்கென்று அணைந்தது. மேலே பிள்ளையின் பேச்சுக்குரல் கேட்டதும் தெசாங்கா சுவரில் சாய்ந்து கண்ணை மூடித் திறந்தாள்.

"வாங்க," என்றாள். "சாப்பாடு ஆறுது."

எல்லோரும் திரும்ப உட்கார்ந்தார்கள். போஷிதார் டேப்பை முதலிலிருந்து ஓடவிட்டார்.

முனகல் இல்லை. ஸ்பீக்கர் இருப்பதே தெரியாத ஒரு நிசப்தம். பிறகு அந்தக் குரல், அறைக்கு நடுவில், தொட்டுவிடலாம் போல.

"சொந்தங்களே! இந்த மேசைக்கு வந்தவங்களுக்கு ஆரோக்கியம். வர முடியாதவங்களுக்கு நல்ல வழி…"

லூபிங்காவின் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. டிஹோமிர் கோப்பையின் விளிம்பையே பார்த்தான். அவர்கள் உட்கார்ந்தபடி, ரேடியோவில் செய்தி கேட்கிற மாதிரி, தலையைச் சாய்த்துக் கேட்டார்கள்.

"…அம்மா! உனக்கு முதல் கோப்பை. அடுத்த வருஷமும் நீ அந்த நாற்காலியில உக்காந்து, சூப்புல உப்பு கம்மின்னு எங்களத் திட்டணும்."

எல்லோர் கண்ணும் மெழுகுவர்த்திப் பக்கம் போனது. அம்மாவின் நாற்காலியில் டிஹோமிர் இருந்தான். எழுவதா இருப்பதா என்று தெரியாமல் பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்தான். கோடை முடிவிலிருந்து இந்த வீட்டில் அந்த டேப் எத்தனையோ தடவை ஓடியிருக்கிறது. எல்லா நேரமும் முனகலைத்தான் கேட்டார்கள். அவர் என்ன சொல்லியிருக்கிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை, போஷிதார் உட்பட.

அவர் டேப்பை நிறுத்தினார்.

தெசாங்கா அவர் உதட்டைப் பார்த்தாள். "இது அந்த வருஷத்து மேசை," என்றது அது.

"அப்ப இந்த வருஷத்துக்கு?" என்றாள் அவள்.

அவர் தன் ஸ்பீக்கர்களைப் பார்த்தார். வேண்டிய அளவுக்கு அமைதி இப்போது இருந்தது. பிறகு மேசை இழுப்பறையைத் திறந்தார். ஸ்க்ரூவும் பழைய ஊசியும் புரண்டன. கருவியை எடுத்தார், கழுத்துத் துணியை விலக்கி, ஓரமாக அழுத்தி வைத்தார். கோப்பையை மறுகையில் தூக்கினார்.

"ஸ்ஸொந்தங்களே," என்றது அது. டப்பாவுக்குள் வண்டு. தட்டுகள் அதிர்கிற மாதிரி இருந்தது. "நான் நிக்கிறேன். வாழ்த்துச் சொல்லும்போது, நீங்க ஏன் உக்காந்திருக்கீங்க?"

முதலில் ஒரு வயதானவர் நாற்காலியைத் தள்ளி எழுந்தார். பிறகு லூபிங்கா. பிறகு எல்லோரும், நாற்காலிகள் கிறீச்சிட, கோப்பைகளோடு. டிஹோமிர்தான் கடைசி. கருவி அவன் பக்கம் திரும்பியது.

"தம்பி. அம்மா நாற்காலியில உக்காந்திருக்க. அதனால நீதான் சொல்லணும். சூப்புல உப்பு எப்படி?"

டிஹோமிர் அம்மாவின் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டான். "கம்மிதான் அண்ணே," என்றான். குரல் உடைந்தது.

"அடுத்த வருஷம் இதே மேசையில வந்து சொல்லு. அடுத்த வருஷமும். ஆரோக்கியம்!"

கோப்பைகள் மோதின. அவர் நிறுத்தவில்லை. ஒவ்வொருவர் பேரையும் சொல்லி, ஒவ்வொரு பேருக்கும் ஒரு முனகலோடு, வாழ்த்திக்கொண்டே போனார். வெட்கப்படுகிற மாதிரி ஆரம்பித்தவர் இப்போது பால்கனியில் நின்று கூப்பிடுகிற பழைய மனிதர் மாதிரி மார்பை நிமிர்த்திக்கொண்டிருந்தார்.

அப்போது படிக்கட்டில் மறுபடி காலடி. பேத்தியை இடுப்பில் தூக்கிக்கொண்டு, மூச்சு வாங்க, க்ரோஸ்தானா வாசலுக்கு வந்துவிட்டாள். வாசலுக்கு வெளியிலேயே அவள் காதில் அது விழுந்துவிட்டது.

"தெசாங்கா! நான் அணைச்சுட்டேனே! ஃப்யூஸையும் பிடுங்கிட்டேன்! இன்னுமா முனகுது?"

தெசாங்கா கதவுப்பக்கம் போய்ப் பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டாள். "உள்ள வா," என்றாள். "அது இருக்கட்டும். அது எங்க வீட்டுது."